ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்? ஆறு புத்தகமும் ஒரு பத்திரமும்

கேள்வி: சிதம்பரத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். படிப்பு பிளஸ் டூவோடு சரி. 'பொன்னியின் செல்வன்' படம் பார்த்த வேகத்தில் சோழர் வரலாறு பற்றி ஆறு புத்தகங்கள் வாங்கிப் படித்துவிட்டேன். ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது, அவர்களுடைய சிற்றப்பன் உத்தம சோழன் ஏற்பாடு என்கிறது ஒன்று. ராஜராஜனும் அக்காள் குந்தவையும்தான் என்கிறது இன்னொன்று. பாண்டிய நாட்டு ஆபத்துதவிகள், அதாவது பாண்டியனின் மெய்க்காவலர்கள், என்கிறது மற்றொன்று. கல்லூரியில் வரலாறு சொல்லித்தரும் நண்பரோ, 'இதெல்லாம் உங்களுக்கு எதற்கு, படித்துக் குழம்பாதீர்கள்' என்கிறார். என்னைப் போன்ற பாமரன் எதை நம்புவது? நம்பகமான ஒரே ஒரு புத்தகத்தின் பெயரைச் சொல்லுங்கள், போதும்.

– ஒரு வாசகர், சிதம்பரம்

பதில்: அந்தப் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால், ஆறு பேரை நம்பிக் குழம்பிய நீங்கள் ஏழாவதாக என்னை நம்புவீர்கள். உங்கள் நண்பர் பேச்சையும் கேட்காதீர்கள். வரலாறு, பட்டம் வாங்கியவர்கள் பெயரில் மட்டும் எழுதி வைத்த சொத்து அல்ல. அப்புறம், அந்தப் 'பாமரன்' என்ற சொல்லை விட்டுவிடுங்கள். கடை வாசலில் சரக்கு இறங்கும்போது பில்லையும் மூட்டையையும் ஒத்துப் பார்க்காமல் நீங்கள் கையெழுத்துப் போட மாட்டீர்கள். புத்தகத்திடம் மட்டும் ஏன் பில் கேட்காமல் விட்டீர்கள்?

இந்தக் கொலைக்கான பில் உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடியில், அனந்தீஸ்வரம் கோயில் சுவரில். வீராணம் ஏரிக்கும் அந்த ஊருக்கும் பெயர் ஒன்றுதான்: ஏரி வீரநாராயணன் ஏரி, ஊர் அன்றைக்கு வீரநாராயணச் சதுர்வேதிமங்கலம். அந்த ஊர்ச் சபைக்கு அரசனிடமிருந்து வந்த ஓலை கல்வெட்டில் பதிவாகியிருக்கிறது. ராஜகேசரியின் 2ஆம் ஆட்சியாண்டு என்று போட்டிருக்கிறது; ராஜகேசரி என்பது இங்கே ராஜராஜனின் பட்டம். ராஜராஜன் பட்டத்துக்கு வந்தது 985இல் என்பதால் ஏறக்குறைய 987 என்று கொள்கிறார்கள்.

அதைக் கொலை வழக்கின் தீர்ப்பு என்று நினைத்துக்கொண்டு போனால் ஏமாந்துபோவீர்கள். அது நிலப் பத்திரம். மனை வாங்கியிருந்தால் மூலப் பத்திரம் படித்திருப்பீர்களே, இந்தச் சொத்து யாரிடமிருந்து எப்படி வந்தது என்று முதலில் ஒரு கதை வருமே, அப்படித்தான் இதில் கொலை வருகிறது. 'பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்று துரோகிகளான' சோமன், அவன் தம்பி ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், பரமேஸ்வரனான இருமுடிச்சோழப் பிரமாதிராசன் என்று பெயர்கள் இருக்கின்றன. அதோடு நிற்கவில்லை. அவர்களுடைய பிள்ளைகள், மனைவிமார், பெண் கொடுத்த மாமனார், தாயோடு பிறந்த மாமன், உடன்பிறந்தவளைக் கட்டியவன் என்று உறவு முழுக்க அடுக்கி, இவர்கள் எல்லாருடைய உடைமையும் போயிற்று என்கிறது. முதல் முறை படித்தபோது கொலையைவிட இந்த வரிசைதான் என்னை உலுக்கியது. தங்கையைக் கட்டிக்கொடுத்த வீட்டின் காணிநிலம்வரை கணக்கெடுத்திருக்கிறார்கள். அப்படி வந்த நிலத்தை ஒருவர் விலைக்கு வாங்கிக் கோயிலில் அறம் வைத்தார். கல்வெட்டு எழுதப்பட்ட காரணம் அந்த அறம்தான்.

எதற்காகக் கொன்றார்கள், யார் ஏவினார்கள் என்பதற்கு அதில் ஒரு சொல் கிடையாது. உங்கள் ஆறு புத்தகமும் இந்த இடைவெளியில்தான் குடியிருக்கின்றன.

உத்தம சோழன்மேல் சந்தேகம் எழுப்பியவர் வரலாற்றாசிரியர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி. கொலைக்குப் பிறகு சுமார் 15 ஆண்டு ஆண்டவன் உத்தமன். அவன் போன பிறகுதான் இந்த நடவடிக்கை தெரியவருகிறது. குடிமக்கள் கேட்டும், சிற்றப்பன் உத்தமனுக்கு ஆசை இருக்கும்வரை அருள்மொழி (ராஜராஜனின் இயற்பெயர்) அரியணை வேண்டாம் என்றான் என்கின்றன திருவாலங்காட்டுச் செப்பேடுகள். இரண்டையும் சேர்த்து அவர் ஊகித்தார். இன்னொரு வரலாற்றாசிரியர் சதாசிவப் பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. நானும் ஏற்கவில்லை. அந்தச் செப்பேடு ராஜேந்திரன் காலத்தது. தன் தகப்பனைப் பற்றி மகன் வீட்டில் எழுதிய புகழுரை. உத்தமனின் மகன் மதுராந்தகன் கண்டராதித்தனுக்குக் கோயில்களை மேற்பார்க்கும் பொறுப்பைக் கொடுத்தவன் ராஜராஜன். அண்ணனைக் கொன்றவன் மகன் என்று நினைத்திருந்தால் கொடுத்திருப்பானா? இதுவும் ஊகம்தான், ஆனால் என் ஊகம் எதன்மேல் நிற்கிறது என்று உங்களுக்குத் தெரிகிறது அல்லவா?

ஆபத்துதவிகள் கதைக்கு வருவோம். கல்கி 1950 முதல் 1954 வரை எழுதியது நாவல். அவர்மேல் குற்றம் இல்லை. அதை வரலாறு என்று விற்கிறவர்கள் காட்டும் சான்று 'பஞ்சவன்' என்ற சொல். பஞ்சவன் என்றால் பாண்டியன், ஆகவே ரவிதாசன் பாண்டியனின் ஆள் என்கிறார்கள். சரி, ராஜராஜனின் தேவியரில் ஒருத்தி பெயர் பஞ்சவன் மாதேவி. அவளும் ஆபத்துதவியா? பாண்டியனை வென்ற சோழர்கள் அந்தப் பெயரைத் தங்கள் பட்டங்களில் சேர்த்துக்கொண்டார்கள். மற்றவன் பட்டத்திலோ 'இருமுடிச்சோழ' என்று சோழன் பெயரே இருக்கிறது. கரிகாலன் பாண்டியன் தலையைக் கொண்டதற்குப் பழி வாங்கினார்கள் என்பது நடந்திருக்கக்கூடியதுதான். நடந்தது என்று எழுதுவதற்கு இந்தச் சான்று போதாது.

புத்தகம் படிக்கும்போது ஒரு பென்சில் வைத்துக்கொள்ளுங்கள். 'இருக்கலாம்' என்று வரும் இடத்தில் கோடு போடுங்கள். அந்த 'இருக்கலாம்' இரண்டு அத்தியாயம் தள்ளி 'முன்பே பார்த்தோம்' என்று திரும்பி வருகிறதா என்று கவனியுங்கள். ஊகம் உண்மையாக உடை மாற்றுவது அங்கேதான். ஒரு கல்வெட்டைச் சொன்னால் எந்தக் கோயில், எந்த ஆட்சியாண்டு, எந்தத் தொகுதி என்று இருக்க வேண்டும். உடையார்குடிக் கல்வெட்டு, கல்வெட்டுகளை அச்சிடும் 'எபிகிராபியா இண்டிகா' வரிசையின் 21ஆம் தொகுதியில் அச்சாகியிருக்கிறது. கல்வெட்டுத் தொகுதிகள் பலவற்றைத் தமிழ் இணையக் கல்விக்கழக மின்நூலகத்தில் காசு கொடுக்காமலே படிக்கலாம். அந்தப் பழைய தமிழ் முதல் நாள் முரண்டு பிடிக்கும். வேலி, மா, காணி என்று நில அளவு வருமிடங்களில் உங்களுக்குப் பிடிபட ஆரம்பிக்கும்.

ராஜராஜனும் குந்தவையும் சேர்ந்து கொன்றார்கள் என்ற புத்தகத்தை இன்று ராத்திரி கடை அடைத்த பிறகு எடுத்து, அந்தக் கொலை அத்தியாயத்தை மட்டும் திரும்பப் படியுங்கள். கொன்றவர்களைத் துரோகிகள் என்று பெயர் சொல்லிக் கல்லில் பதிவாகியிருக்கும் ஆணை ராஜராஜன் காலத்தது. அதற்கு அந்த ஆசிரியர் என்ன பதில் வைத்திருக்கிறார் என்று பாருங்கள். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காட்டுமன்னார்கோயில் பஸ் ஏறுங்கள், ஒரு மணி நேரப் பயணம்தான். பார்த்துவிட்டு வந்து, ஆறில் எத்தனை தேறியது என்று எனக்கு எழுதுங்கள்.

– ஆசிரியர்