கட்டுரையில் ஒற்று எங்கே மிகும்? கேள்விகளும் பதில்களும்

கேள்வி (பத்தாம் வகுப்பு மாணவி): "படித்த பெண்" என்பதில் ப் இல்லை, "படித்துப் பார்த்தாள்" என்பதில் இருக்கிறது. ஏன் சார்?

பதில்: "படித்த" பெயரெச்சம், அதாவது ஒரு பெயரைக் கொண்டு முடிவது; அதன்பின் வல்லின ஒற்று (க், ச், த், ப்) மிகாது, அதாவது கூடுதலாக வராது. "படித்து" வினையெச்சம், அதாவது ஒரு வினையைக் கொண்டு முடிவது; அதனால் மிகுந்தது. ஆனால் எல்லா வினையெச்சத்துக்கும் ஒற்றுப் போட்டுவிடாதே அம்மா. து, டு, று என முடிந்தால் அதற்கு முந்தைய ஒலியைப் பார். படித்து, கேட்டு, விற்று ஆகியவற்றில் அது வல்லின மெய், எனவே மிகும். வந்து, செய்து, அழுது ஆகியவற்றில் மெல்லினமும் இடையினமும் உயிரும் இருப்பதால் மிகாது. "வந்துப் போனான்" என்று எழுதினால் சந்திப்பிழை, அதாவது சொற்கள் சேரும் இடத்தில் வரும் பிழை. விடைத்தாள்களில் மிகுதியாக வருவது இதுதான். இ, ய், அ என முடியும் வினையெச்சங்களில் தயங்காமல் போடலாம்: ஓடிப் போனான், போய்ச் சேர்ந்தான், வரச் சொன்னான்.

கேள்வி (அதே மாணவி): அப்படியானால் "அழியாப் புகழ்"? அதுவும் பெயரெச்சம்தானே?

பதில்: நல்ல கேள்வி. "அழியாத" என்பதில் "த" கெட்டு "அழியா" என நிற்கிறது. இந்த ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சத்துக்கு மட்டும் மிகும். அழியாத புகழ், அழியாப் புகழ். ஓடாத குதிரை, ஓடாக் குதிரை.

கேள்வி (போட்டித்தேர்வு எழுதுபவர்): வேற்றுமையில் எப்போது மிகும், எப்போது மிகாது? குழப்பமாகவே இருக்கிறது.

பதில்: பெயர்ச்சொல்லின் இறுதியில் சேரும் வேற்றுமை உருபுகளில் ஐ, கு ஆகிய இரண்டையும் பிடித்துக்கொள்ளுங்கள். அவை வெளிப்பட நின்றால் மிகும்: கதையைச் சொன்னாள், பள்ளிக்குச் சென்றாள். ஆல், ஓடு, இல் ஆகியவற்றின் பின் மிகாது: கத்தியால் குத்தினான், அண்ணனோடு போனான், வீட்டில் பார்த்தேன்.

தடுமாற்றம் வருவது ஐ மறைந்து நிற்கும்போது. "கதை சொன்னாள்" என்றால் கதையைச் சொன்னாள் என்றே பொருள். இருந்தும் வினை தொடர்வதால் மிகாது. "கதைச் சொன்னாள்" பிழை. ஆனால் பெயரோடு பெயர் சேர்ந்து ஒரே பொருளைக் குறித்தால் மிகும்: கதைப் புத்தகம். "கீரை கடை" என்றால் மத்தால் கீரையைக் கடையச் சொல்வது; விற்கும் இடம் கீரைக்கடை. "தந்த பலகை" யாரோ கொடுத்தது. "தந்தப் பலகை" யானைத் தந்தத்தால் ஆனது. ஒற்று வெறும் அலங்காரம் என்று நினைப்பவர்களிடம் இந்த இரண்டையும் காட்டுங்கள்.

கேள்வி: ஓர் யானையா, ஒரு யானையா?

பதில்: ஒரு யானை. "யா" உயிர்மெய். அடுத்து வரும் சொல் உயிரெழுத்தில் தொடங்கினால் மட்டுமே ஓர். "ஒரு மரம்" என்பதற்கு நடுவில் "அழகிய" வந்தால் "ஓர் அழகிய மரம்" ஆகிவிடும்.

கேள்வி (ஆசிரியப் பயிற்சி மாணவர்): வாழ்த்துகளா, வாழ்த்துக்களா?

பதில்: இரண்டும் வழக்கில் உண்டு, அறிஞர்களிடையே வாதமும் உண்டு. என் பரிந்துரை வாழ்த்துகள், கருத்துகள், எழுத்துகள். "கள்" இங்கே சொல்லின் இறுதியில் சேரும் பன்மை விகுதி, தனிச்சொல் அன்று. அதற்காக எங்கும் க்-ஐ எடுத்துவிடக் கூடாது; பூக்கள், ஈக்கள், பசுக்கள் ஆகியவற்றில் மிகுந்தே ஆகவேண்டும்.

கேள்வி: "ஒவ்வொரு மாணவர்களும்", "எனது மகன்" என்று எழுதியிருந்தேன். இரண்டையும் ஐயா சுழித்துவிட்டார்.

பதில்: சரியாகத்தான் சுழித்திருக்கிறார். "ஒவ்வொரு" ஒருமையையே ஏற்கும்: ஒவ்வொரு மாணவரும். "எனது" என்பதில் உள்ள "அது" என்னும் வேற்றுமை உருபு அஃறிணை ஒருமைக்கு உரியது. எனது புத்தகம் சரி, மகனுக்கு "என் மகன்". கையோடு "மரங்கள் வளர்ந்தது" போன்ற தொடர்களையும் தேடித் திருத்துங்கள். வளர்ந்தன என்றே வரவேண்டும்.