கொல்லிமலை வளைவில் டர்போ கார் திணறினால்

ஐந்து பேருடன் மலை ஏறும்போது வண்டி திணறுகிறது, டர்போ போய்விட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். டர்போ (எஞ்சின் புகையின் வேகத்தில் சுழன்று, எஞ்சினுக்குக் கூடுதல் காற்றைத் திணிக்கும் விசிறி) போய்விடவில்லை. வளைவுக்குள் நுழையும் முன்பே முதல் கியருக்கு இறங்கிவிடுங்கள்.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில், இரண்டாம் கியரில் வண்டி திணறி நின்று, பிறகு திடீரென்று பாய்கிறது என்கிறீர்கள். 1.0 லிட்டர் மூன்று சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினில், ஏறக்குறைய 1,800 ஆர்பிஎம்முக்கு (எஞ்சின் நிமிடத்துக்குச் சுழலும் எண்ணிக்கை) கீழே டர்போவை வேகமாகச் சுழற்றும் அளவுக்குப் புகை வராது. அதுவரை உங்கள் ஐந்து பேரையும் இழுப்பது வெறும் சின்ன எஞ்சின்தான். பயந்துவிடாதீர்கள், இந்த வகை வண்டிகளின் சுபாவம் இது.

சந்தேகம் தீர, காலியான சமதளச் சாலையில் மூன்றாம் கியரில் 1,500-லிருந்து மெதுவாக அழுத்திப் பாருங்கள். 2,000 தாண்டியதும் சீராக இழுத்தால் டர்போ நலம். அப்போதும் இழுக்காமல், பானெட் பக்கம் ‘உஸ்ஸ்’ என்று காற்றுச் சத்தம் கேட்டால், இன்டர்கூலருக்கு (டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் பகுதி) போகும் ஹோஸின் கிளாம்ப் தளர்ந்திருக்கலாம். இணைப்பில் எண்ணெய்க் கசிவும் தெரிகிறதா பாருங்கள்.

ஒன்று மட்டும் வேண்டாம்: குறைந்த ஆர்பிஎம்மில், பெரிய கியரில், ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதிப்பது. பெட்ரோல் நேரத்துக்கு முன்பே பற்றிக்கொள்ளலாம். பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் நேரடி இன்ஜெக்ஷன் எஞ்சின் என்றால் பிஸ்டனே உடையலாம். கையேடு அனுமதித்தால் ஏபிஐ எஸ்பி (API SP) தர எஞ்சின் ஆயிலே ஊற்றுங்கள், அது இந்தச் சிக்கலையும் கணக்கில் எடுத்து வந்த தரம். எஞ்சின் விளக்கு சிமிட்டினாலோ நீலப்புகை வந்தாலோ மலை ஏறாமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.