வில்லி நெல்சன்: கேள்வி பதில்

கே: அண்ணா, அமெரிக்காவின் 'கண்ட்ரி' இசைப் பாடகர், பாடலாசிரியர் வில்லி நெல்சனை எங்கிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்?

ப: 1975இல் வந்த 'ரெட் ஹெடட் ஸ்ட்ரேஞ்சர்' ஆல்பம். கிட்டார், பியானோ, கொஞ்சம் ஹார்மோனிகா என்று இசை மிகக் குறைவு. 'இது வெறும் ஒத்திகைப் பதிவு மாதிரி இருக்கே' என்று அதை வெளியிட வேண்டிய கொலம்பியா இசை நிறுவனத்தில் முகம் சுளித்தார்கள். ஒப்பந்தப்படி கடைசி முடிவு வில்லி கையில் இருந்ததால் அப்படியே வெளிவந்தது. ஒன்று மட்டும்: அதில் பெரிய ஹிட்டான 'ப்ளூ ஐஸ் க்ரையிங் இன் த ரெயின்' ஃபிரெட் ரோஸ் எழுதியது, வில்லி எழுதியதல்ல. எழுதியவர் பெயரைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

கே: வரிப் பிரச்சினை என்ன ஆனது?

ப: 1990இல் சுமார் 1.67 கோடி டாலர் வரி பாக்கி என்று அமெரிக்க வரித்துறை சொத்துகளைப் பறிமுதல் செய்தது. கடனை அடைக்கவே ஓர் ஆல்பம் போட்டார். 1993இல் கணக்குத் தீர்ந்தது.

கே: தான் எழுதிய 'நைட் லைஃப்' பாட்டை 150 டாலருக்கு விற்றாராமே. ஏமாற்றிவிட்டார்களா?

ப: இல்லை என்பது என் கட்சி. அப்போது ஹூஸ்டனில் குடும்பத்தோடு கைக்கும் வாய்க்குமாக இருந்தார். கிட்டார் வாத்தியார் வேலை கொடுத்த பால் பஸ்கர்க்கிடம்தான் அது போனது. 'ஃபேமிலி பைபிள்' இன்னும் மோசம், 50 டாலர். பாடகர் கிளாட் கிரே பாடி 1960இல் ஹிட்டானபோது எழுதியவர் இடத்தில் வில்லி பெயரே இல்லை. ஆனால் தன் பாட்டு ஓடும் என்று தெரிந்த தெம்பில்தான் கண்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லுக்கு வண்டி ஏறினார்.

கே: பசியில் இருப்பவனிடம் அடிமாட்டு விலைக்கு வாங்குவதற்குப் பேர் என்ன அண்ணா?

ப: வியாபாரம். அதே ஊரில் லாரி பட்லர் என்ற இசைக்குழுத் தலைவரிடம் பாட்டுக்கு 10 டாலர் என்று இவரேதான் கூவினார். பட்லர் வாங்க மறுத்து, 50 டாலர் கடனும் வேலையும் கொடுத்தார்.

கே: அப்போ பட்லர் என் பக்கத்துச் சாட்சி!

ப: சரி, அந்தப் புள்ளி உங்களுக்கு. இன்னொரு சாட்சியையும் நானே தருகிறேன். 'ஹலோ வால்ஸ்' பாட்டை 500 டாலருக்கு விற்கப் பார்த்தபோது, பாடகர் ஃபேரன் யங் அதை வாங்காமல் 500 டாலர் கடன் கொடுத்தார். 1961இல் யங் பாடி அந்தப் பாட்டு பிய்த்துக்கொண்டு போனது. ராயல்டி காசோலை வந்ததும் வில்லி தேடிப்போய் யங்கின் வாயிலேயே முத்தம் கொடுத்தார். இருந்தாலும் பஸ்கர்க்கைத் திருடன் என்று சொல்ல மாட்டேன். வில்லியே 1981 ஆல்பத்துக்கு அவரைக் கூப்பிட்டு வாசிக்க வைத்தார்.

கே: அது வில்லியின் பெருந்தன்மை. பஸ்கர்க்கின் நியாயம் ஆகாது.

ப: ஆகாதுதான். விலை குறைவு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். மோசடி என்பதைத்தான் ஒப்பவில்லை.

கே: சார், டாக்ஸ் மேட்டர் சொல்லுங்க.

ப: மேலே இருக்கிறது.

கே: 'ஆல்வேஸ் ஆன் மை மைண்ட்' யாரை நினைத்து எழுதினார்?

ப: அவர் எழுதவே இல்லை! மூன்று பேர் எழுதியது. இவருக்கு முன்பே எல்விஸ் பாடிவிட்டார். எழுதியவர் பெயர், எழுதியவர் பெயர்.

கே: வில்லியின் கிட்டாரில் ஏன் ஓட்டை?

ப: அந்தக் கிட்டாரின் பெயர் 'ட்ரிகர்', மார்ட்டின் நிறுவனத்தின் என்-20 மாடல். விரலால் மீட்டும் நைலான் தந்திக் கிட்டார் என்பதால் மரத்துக்குக் காப்புத் தகடு கிடையாது. இவர் 1969இலிருந்து அதைப் பிக் (தந்தியை மீட்டும் சின்னத் தகடு) வைத்துச் சுரண்டுகிறார். ஒலித்துளைக்குப் பக்கத்திலேயே மரம் தேய்ந்து இரண்டாவது துளை விழுந்துவிட்டது. எனக்கு எந்தக் கிட்டார் நல்லது என்று அடுத்து கேட்கப் போகிறவர்கள் கடைக்காரரிடம் போங்கள்.