பனிமலையில் சோலார்: வாசகர் கேள்விகள்

கேள்வி: லடாக்கில் மின்கம்பி எட்டாத இடத்தில் சிறு விடுதி கட்டுகிறோம். மைனஸ் 25 டிகிரியில் சோலார் பேனல் வேலை செய்யுமா?

பதில்: நன்றாகவே செய்யும். பேனலுக்கு வெளிச்சம் போதும். சூடு ஏறினால்தான் திறன் குறையும். கவனிக்க வேண்டியது வோல்டேஜ். 49 வோல்ட் பேனல் மூன்றைத் தொடராக இணைத்தால் கணக்குக்கு 147; 150 வோல்ட் தாங்கும் சார்ஜ் கன்ட்ரோலர் (பேனலிலிருந்து பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தைச் சீராக்கும் கருவி) போதும் என்று தோன்றும். ஆனால் அந்தக் குளிரில் விடிந்ததும் அது 165-ஐத் தாண்டிவிடும், கன்ட்ரோலர் போய்விடும். இரண்டிரண்டாக இணையுங்கள்.

கேள்வி: பேனல் மேல் பனி மூடினால்?

பதில்: தெற்கு பார்த்து 60 டிகிரி சாய்வில் நிறுத்துங்கள், பெரும்பாலும் தானே வழுக்கி விழும். லடாக்கின் லே நகரில் டிசம்பர் நண்பகலில் சூரியன் 32 டிகிரி உயரத்தில்தான் இருக்கும், அதற்கும் இந்தச் சாய்வே பொருத்தம். விழுந்த பனி குவிந்து அடிவிளிம்பைத் தொடாதபடி ஸ்டாண்டை உயர்த்துங்கள். மண்வெட்டியால் சுரண்டவே கூடாது. சுவிட்சர்லாந்தில் 2,883 மீட்டர் உயரத்தில் 2009-இல் திறந்த மோன்டே ரோசா மலைக்குடிலில் தெற்குச் சுவரிலேயே பேனல்களைப் பதித்திருக்கிறார்கள்.

கேள்வி: லித்தியம் பேட்டரியா, லெட் ஆசிடா?

பதில்: எதை வாங்கினாலும் வெளியே ஷெட்டில் வைக்காதீர்கள். நான் அதிகம் வலியுறுத்துவது இதைத்தான். லித்தியம் பேட்டரியைப் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்துவிடும்; போன கொள்ளளவு திரும்பாது. நல்ல பேட்டரியில் உள்ள பிஎம்எஸ் என்ற காவல் சர்க்யூட் அதைத் தடுக்கும், ஆனால் இரவெல்லாம் விறைத்த பேட்டரி சூடேறும்வரை காலை வெயில் வீணாகும். லெட் ஆசிட் முழு சார்ஜில் மைனஸ் 50-இலும் உறையாது. வடிந்துபோனால் மைனஸ் 10-ஐ ஒட்டியே உறைந்து பெட்டி விரிசல் விட்டுவிடும். மைனஸ் 20-இல் பாதி கொள்ளளவுதான் கைக்கு வரும். அதனால் புகாரி அடுப்பு எரியும் அறைக்கு அடுத்த அறையில், தரையில் படாமல் மரப்பலகை மேல் வையுங்கள். லெட் ஆசிட் என்றால் ஹைட்ரஜன் வெளியேற வழி விடுங்கள். படுக்கும் அறையில் வேண்டாம்.

கேள்வி: 3 கிலோவாட் பேனலில் ரூம் ஹீட்டர் போடலாமா?

பதில்: வேண்டாம். 2 கிலோவாட் ஹீட்டர் பத்து மணி நேரம் ஓடினால் 20 யூனிட். நல்ல வெயில் நாளிலும் உங்கள் பேனல்கள் சுமார் 12 யூனிட்தான் தரும். அந்தப் பணத்தில் தெற்குச் சுவரைக் கனமாகக் கட்டிக் கறுப்பு பூசி, சில அங்குலம் தள்ளிக் கண்ணாடி போடுங்கள். பகலில் வாங்கிய வெப்பத்தைச் சுவர் இரவில் அறைக்குள் விடும். டிராம்ப் சுவர் என்று கேட்டால் லே கொத்தனார்களுக்குத் தெரியும்.