பண்ணையார சேத்தது ஒருத்தர், தீய மூட்டினது யாரு?

வாசகர் கடிதம்:

வணக்கம் சார். சின்ன வயசுலேர்ந்து, தீண்டாமைக்கு ஆளான சாதில பொறந்த சிவனடியார் நந்தனார் கதைன்னாலே எனக்கு அந்த பண்ணையார் ஐயர் தான் ஞாபகம் வருவார், நாப்பது வேலி வேலைய ஒரே ராத்திரில முடிச்சா தான் சிதம்பரம் போகலாம்னு சொல்வாரே, அவர். போன மாசம் சேக்கிழாரோட பெரியபுராணத்த எடுத்து உக்காந்து படிச்சேன். அப்படி ஒரு ஆளே அதுல இல்ல! ஏமாந்த மாதிரி ஆயிடுச்சு. இப்ப இருக்கறவங்களுக்கு பிடிக்கணும்னு பழைய கதைய, மதத்த, வரலாற மாத்தி எழுதறது பொய் தானே? ஒரிஜினல அப்படியே விட்டா என்ன? எட்டு வயசு பொண்ணுக்கு இந்த கதைய, கடைசில நந்தனார் தீல எறங்கற வரைக்கும் சொன்னேன், "தீ அவர சுடலையாப்பா"ன்னு கேட்டா, பதில் தெரியல. என் பேர் போட வேண்டாம்.

பதில்:

வணக்கம். பேர் போடல.

மொதல்ல ஒரு ஆறுதல், உங்க கோவம் நூத்தம்பது வருஷத்துக்கு முன்னாடியே ஒருத்தருக்கு வந்துடுச்சு, அதுவும் சாதாரண ஆளுக்கு இல்ல, மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கு. கோபாலகிருஷ்ண பாரதி நந்தன் சரித்திரக் கீர்த்தனைய எழுதி எடுத்துட்டு சாற்றுகவி, அதாவது புத்தகத்துக்கு பாராட்டுப் பாட்டு, கேட்டு போய் நிக்கறார், பிள்ளையவர்கள் தட்டிக் கழிச்சுகிட்டே இருக்கார். இலக்கணப் பிழை இருக்குங்கறது ஒண்ணு, சேக்கிழார் சொல்லாதத எல்லாம் சேத்துட்டாருங்கறது இன்னொண்ணு. கடைசில பாரதி உக்காந்து பாடறத காதால கேட்டதுக்கப்புறம் தான் மனசு இளகி குடுத்தாராம், பிள்ளையோட மாணவர் உ.வே.சா. எழுதி வச்சிருக்கார். புலவர் மண்டைக்கு ஒத்துக்காதது காதுக்கு ஒத்துகிச்சு போல.

ஆக, பண்ணையார் பாரதி சேத்தது தான், 1860கள்ல அச்சான புத்தகத்துல. நீங்க சொல்றது சரி. ஆனா "ஒரிஜினல்"னு ஒண்ணு சொல்றீங்க பாருங்க, அங்க தான் எனக்கு இடிக்குது. எது ஒரிஜினல்?

பின்னாடியே போவோம். 8ஆம் நூற்றாண்டு, சுந்தரர், சிவனடியார்கள வரிசையா பாடின திருத்தொண்டத்தொகை. அதுல நந்தனாருக்கு கெடச்சது ஒரே ஒரு அடி. "செம்மையே திருநாளைப் போவார்க்கும் அடியேன்." அவ்ளோ தான். சாதி இல்ல, ஊர் இல்ல, நந்தன்ங்கற பேர் கூட இல்ல. நாளைக்கு போவேன் நாளைக்கு போவேன்னு சொல்லிட்டே இருந்த ஒருத்தர், செம்மையானவர், அவருக்கு நான் அடியேன். அடுத்து நம்பியாண்டார் நம்பி, அந்த ஒரு அடிய ஒரு பாட்டா ஆக்கறார். அங்க தான் ஆதனூர் வருது, "புன்புலை போய் மூவாயிரவர் கைகூப்ப முனியாயவன்"னு வருது. புலைன்னா தாழ்ந்ததுன்னு சொன்ன பிறப்பு, மூவாயிரவர்னா தில்லை அந்தணர்கள். நல்லா கவனிங்க, புலை போச்சுன்னு இருக்கு, எப்படி போச்சுன்னு இல்ல. அந்த பாட்டுல தீங்கற வார்த்தையே கெடையாது. 12ஆம் நூற்றாண்டுல சேக்கிழார் எழுதறப்ப தான் நெருப்பு வளத்து அதுல எறங்கி பூணூலும் சடையுமா முனிவரா வெளிய வர்றார்.

பண்ணையார பாத்து ஏமாந்துட்டேன்னு சொன்ன நீங்க தீய ஒரிஜினல்னு எடுத்துகிட்டீங்க. பழசா இருந்தா அத சேத்ததுன்னு நமக்கு தோணறதில்ல, அது தான் விஷயம்.

சேக்கிழார்ல நான் எப்பவும் நின்னுடற எடம் ஒண்ணு இருக்கு, "பறைத்துடவை"ன்னு ஒரு சொல். நந்தனார் சாப்பாட்டுக்கு என்ன பண்ணார்ங்கறதுக்கு சேக்கிழார் சொல்ற பதில் அது, ஊருக்கு செய்யற தொழிலுக்காக ஊர் விட்டுக் குடுத்த நெலம், அதோட வெளைச்சல் அவருக்கு உணவுரிமை. சேரிய ஊருக்கு வெளிய தான் வைக்கறார், தீண்டாமைய மறைக்கவும் இல்ல, ஆனா அந்த நந்தனாருக்கு ஒரு துண்டு நெலத்து மேல உரிமை இருக்கு, கோயில் பேரிகைக்கு தோல், வீணைக்கும் யாழுக்கும் நரம்பு, பூஜைக்கு கோரோசனைன்னு தானா குடுக்கறார். சிதம்பரம் போக யார்கிட்டயும் லீவ் கேக்க வேண்டாம், போக விடாம தடுக்கறது அவர் மனசுல உக்காந்திருக்கற தன் பிறப்பப் பத்தின நெனப்பு தான்.

இத அப்படியே கொண்டு வந்து 19ஆம் நூற்றாண்டு தஞ்சாவூர் சீமைல பாடினா என்ன ஆகும்? கேக்கறவன் பண்ணையாள், இல்ல பண்ணையாள வச்சிருக்கறவன். அடிமை முறைய சட்டம் ஏத்துக்காதுன்னு 1843லயே கம்பெனி அரசு சட்டம் போட்டாச்சு, வயல்ல ஒண்ணும் மாறல. அந்த ஊர்ல ஒரு பண்ணையாள் சிதம்பரம் போகலன்னா காரணம் அவன் மனசுல இல்ல, ஆண்டை விடல, அவ்ளோ தான். பாரதி பண்ணையார புதுசா கண்டுபிடிக்கல, கண்ணு முன்னாடி நின்ன ஆள கதைக்குள்ள கூட்டிட்டு வந்தார். நாப்பது வேலின்னா 260 ஏக்கருக்கு மேல, அத ஒரே ராத்திரிலன்னு கேக்கறப்ப சிரிப்பு வரும், ஆனா முடியாத வேலைய குடுத்துட்டு "நான் எங்க வேணாம்னு சொன்னேன்"னு கேக்கற மொதலாளிய நமக்கும் தெரியும்ல. இத பொய்னு சொல்ல எனக்கு வாய் வரல. அதுக்காக பாரதிய புரட்சிக்காரர்னு தூக்கி வைக்கவும் மாட்டேன், கடைசில சிவகணங்கள் வந்து வேலைய முடிச்சுடுது, ஐயர் நந்தன் கால்ல விழுந்துடறார், பண்ணை பண்ணையாவே இருக்கு.

அதுக்கப்புறமும் நிக்கல. அயோத்திதாசர் நந்தன பௌத்த அரசனாவே எழுதினார், புலைங்கறதே பின்னாடி ஏத்தின கதைன்னு. புதுமைப்பித்தன் "புதிய நந்தன்"ல நெருப்புக்கு பதிலா ரயில கொண்டு வந்தார். இந்திரா பார்த்தசாரதி நாடகத்துல தீ வெறும் தீயாவே இருக்கு, சுடும், சாகடிக்கும்.

சரி அப்ப யார் வேணா எத வேணா மாத்தலாமான்னு கேப்பீங்க. எனக்கு ஒரு கணக்கு உண்டு, தச்ச எடத்த காட்டறாங்களா மறைக்கறாங்களாங்கறது. அம்பேத்கர் புத்தர பத்தி எழுதின புத்தகம் 1957ல, அவர் போனதுக்கப்புறம் தான் வந்துச்சு. கெழவன், நோயாளி, பொணம் பாத்து சித்தார்த்தன் வீட்ட விட்டு போனார்ங்கற கதைய அவர் எடுத்துட்டார், 29 வயசு வரைக்கும் ஒருத்தன் இத எதையும் பாக்காம இருப்பானான்னு கேட்டு. அந்த எடத்துல ரோகிணி ஆத்து தண்ணிக்காக சாக்கியருக்கும் கோலியருக்கும் வந்த தகராற வச்சார், போர் வேணாம்னு சொன்னதுக்காக வெளிய போக வேண்டி வந்தவர் சித்தார்த்தர். அந்த தண்ணி சண்டை பழைய பௌத்தக் கதைலயும் இருக்கு, ஆனா அங்க புத்தரானதுக்கப்புறம் அவர் போய் சமாதானம் பண்ணி வைக்கறார். ஆக இதுவும் மாத்தினது தான். ஆனா பழைய கதைய ஏன் ஏத்துக்க முடியலன்னு முன்னுரைலயே சொல்லிட்டு செய்யறார். ஒத்துக்கலாம், சண்டை போடலாம், ஏமாந்தேன்னு சொல்ல முடியாது.

இன்னொரு பக்கம் பொன்னியின் செல்வன்ல வர்ற நந்தினி. கல்கி 1950ல தொடங்கி தொடர்கதையா எழுதினார், நாவல்னு சொல்லி தான் எழுதினார், அவர் மேல குத்தமே இல்ல. ஆனா ராஜராஜனோட அண்ணன் ஆதித்த கரிகாலன் கொலை பத்தி பேச்செடுத்தா உடனே நந்தினின்னு ஆரம்பிக்கறவங்கள நான் எத்தன பேர பாத்துட்டேன். உடையார்குடி கல்வெட்டுல இருக்கறது சோமன், ரவிதாசன், பரமேசுவரன்னு பேரும், அவங்க சொந்தக்காரங்க நெலத்த பறிச்ச ராஜராஜனோட ஆணையும். அதுல நந்தினி எங்க?

கடைசியா ஒண்ணு, இது எனக்கு உண்மையாவே எரிச்சல் தந்தது. திருப்புங்கூர் சிவன் கோயில்ல, வெளிய நின்ன நந்தனார் சாமிய பாக்கட்டும்னு நந்தி ஒதுங்கி இருக்கறது எல்லாருக்கும் தெரியும். நந்தி நகந்துச்சு, ஆனா நந்தனார் வாசல தாண்டல, வெளிய நின்னே கும்பிட்டுட்டு பக்கத்துல குளம் வெட்டிட்டு போனார்னு சேக்கிழார் பாடறார். இப்ப அந்த கோயில்ல குளம் வெட்டிய விநாயகர்னு ஒருத்தர் இருக்கார், அவர் தான் வந்து வெட்டி குடுத்தார்ங்கறாங்க. பண்ணையார சேத்தத விட ஒரு மனுஷன் வெட்டின குளத்த அவர் பேர்லேர்ந்து எடுத்தது தான் எனக்கு பெரிய திருத்தலா தெரியுது, அத பத்தி யாரும் எனக்கு லெட்டர் போடல.

உங்க பொண்ணுகிட்ட சுடலன்னு சொல்லாதீங்க. ஒருத்தர் சொன்ன கதைல சுடல, இன்னொருத்தர் சொன்னதுல சுட்டுச்சு, மொதல்ல சொன்னவர் தீய பத்தியே பேசலன்னு மூணையும் சொல்லுங்க. எட்டு வயசுக்கு இது புரியும். அப்புறம் அந்த குளத்த யார் வெட்டினதுன்னும் சொல்லிடுங்க.