தொட்டால் பாடும் சிற்பம், மாதச் சம்பளம்

கேள்வி: தொட்டால் ஒலிக்கும் உலோகச் சிற்பங்கள் செய்கிறேன். இரண்டு கண்காட்சிகளில் வைத்தேன். நல்ல கூட்டம், ஆனால் யாரும் வாங்கவில்லை. வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இதில் இறங்கலாமா?

பதில்: இப்போது விடாதீர்கள். உங்கள் திறமையில் சந்தேகம் இருப்பதால் சொல்லவில்லை. ஒலிக்கும் உலோகச் சிற்பங்களுக்குப் பெயர்பெற்ற ஹாரி பெர்டோயாவுக்கு முழுநேரச் சிற்பியாகும் வசதியைத் தந்ததே 1952-இல் வெளிவந்த அவருடைய கம்பி நாற்காலிகள்தான். உலோகக் கம்பிகளை நாணல் புதர் போல நிறுத்தி ஒலிக்கவைக்கும் வேலையில் அவர் முழுமூச்சாக இறங்கியது அதற்கும் சில ஆண்டுகள் கழித்துத்தான்.

விற்கவில்லையே என்று வருந்தாதீர்கள். இந்த வகைச் சிற்பத்தை வீட்டுக்கு வாங்கிப் போகிறவர்கள் குறைவு. அருங்காட்சியகம், பூங்கா, பள்ளி, மருத்துவமனை என்று பொது இடங்களுக்குச் செய்து கொடுப்பதில்தான் பணம் வரும். அங்கே முதலில் கேட்பது, "எத்தனை நாள் தாங்கும்? கெட்டுப்போனால் யார் சரிசெய்வது?" என்றுதான்.

ஒரு கண்காட்சியில் பார்த்தது இன்னும் மனதில் இருக்கிறது. திறந்து மூன்றே நாள். கம்பியின் அதிர்வை மின்குறிப்பாக மாற்றும் பீஸோ தகட்டில் பற்றவைத்த ஒயர் விட்டுப்போய், சிற்பம் ஊமையாக நின்றது. ஒரு சின்னப் பெண் கம்பியைத் தட்டினாள், காதை வைத்துக் கேட்டாள், மறுபடி தட்டினாள். அப்புறம் அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். ஒயரைச் சற்றுத் தொய்வாக விட்டு, இணைப்பின் மேல் எபாக்ஸி பசை பூசியிருந்தால் அந்தக் குழந்தை ஏமாந்திருக்காது.

கம்பியின் அடிப்பிடியையும் கவனியுங்கள். ஒரு முனை மட்டும் பிடித்த கம்பியின் நீளத்தைப் பாதியாக்கினால் அதிர்வெண் நான்கு மடங்காகும், அதாவது இரண்டு ஸ்தாயி ஏறும். சுருதி நீளத்தோடு அவ்வளவு வேகமாக மாறுவதால், நூறு கைகள் அசைத்துத் திருகு கொஞ்சம் தளர்ந்தாலே நீங்கள் பார்த்துப் பார்த்துச் சேர்த்த சுருதி போய்விடும்.

அதனால் ஒன்று செய்யுங்கள். ஒரே ஒரு சிற்பத்தை ஏதாவது நூலகத்தின் முன்கூடத்தில் ஒரு மாதம் வைக்க அனுமதி கேளுங்கள். தினமும் மாலையில் போய், எது உடைந்தது, எது தளர்ந்தது, யார் எப்படித் தொட்டார்கள் என்று எழுதிவையுங்கள். வீடியோவும் எடுங்கள். உங்களுக்கு வேலை தரப்போகிறவர்களிடம் அந்த நோட்டும் வீடியோவும் பேசும் அளவுக்கு அழகான புகைப்படங்கள் பேசாது.

விலை சொல்லும்போது பராமரிப்புக் கட்டணத்தைத் தனியாக எழுதிக் கேளுங்கள். கூச்சப்படாதீர்கள். அது இல்லாமல் ஓடி ஓடிப் பழுது பார்த்தே கைக்காசைத் தொலைத்தவர்கள் இருக்கிறார்கள்.

இப்படி இரண்டு ஒப்பந்தமும் ஆறு மாதச் செலவுக்குப் பணமும் கைக்கு வந்ததும் இதே கேள்வியை மறுபடி எழுதுங்கள். விடுங்கள் என்று சொல்லத்தான் எனக்கும் ஆசை.