தொண்ணூற்றைந்தாவது சடலம்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: கைரேகை, தொலைபேசி, காவல் நிலையம் என்று துப்பறியும் கதைகளைப் படித்துப் பழகிய எனக்கு, பன்னிரண்டாம் நூற்றாண்டுத் துறவி ஒருவர் துப்பறிகிறார் என்பதே விந்தையாக இருக்கிறது. எல்லிஸ் பீட்டர்ஸின் காட்ஃபேல் நாவல்களை இத்தனை பேர் கொண்டாடுவது ஏன்? (வாசகி, காரைக்குடி)

பதில்: அந்த வரிசையின் இரண்டாம் நாவலான ‘ஒன் கார்ப்ஸ் டூ மெனி’யில் வரும் ஒரு காட்சியே உங்களுக்குப் பதில் சொல்லிவிடும். இங்கிலாந்தின் அரியணைக்காக ஸ்டீபன் மன்னரும் அவருடைய மாமன் மகளான மெட்டில்டாவும் மோதிக்கொண்டிருந்த காலம் அது. 1138ஆம் ஆண்டுக் கோடையில் ஷ்ரூஸ்பரி கோட்டையைக் கைப்பற்றிய மன்னர், அதைக் காத்து நின்றவர்களில் 94 பேரைத் தூக்கிலிடும்படி ஆணையிடுகிறார். இறந்தவர்களை முறைப்படி அடக்கம் செய்வதற்காக மடத்திலிருந்து வரும் காட்ஃபேல், சடலங்களை எண்ணிப் பார்க்கிறார், 95 இருக்கின்றன. யாரோ ஒருவன் கள்ளத்தனமாகக் கழுத்தை நெரித்துக் கொன்ற உடலை, அரச தண்டனைக் குவியலுக்குள் ஒளித்துவிட்டுப் போயிருக்கிறான். 94 சாவுகளுக்குக் கேள்வி கிடையாது, ஏனெனில் அவை மன்னரின் கட்டளை. எஞ்சிய ஒன்றுக்கு மட்டுமாவது நியாயம் கேட்டே தீருவேன் என்று நிற்கிறார் ஐம்பத்தெட்டு வயதுத் துறவி. கொலையாளி யார் என்ற புதிரை எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். கணக்கின்றி மனிதர்கள் சாகும் போர்க்காலத்தில் ஒற்றைக் கொலையை விசாரிப்பதற்கு என்ன பொருள் என்ற கேள்வியைக் கதைக்குள் வைத்தவர்கள் குறைவு. என் வரையில் இந்த நாவல்களின் ஈர்ப்பு அங்கேதான் இருக்கிறது.

கேள்வி: அறிவியல் சோதனை எதுவும் இல்லாத காலத்தில் அவர் எதைக் கொண்டு துப்பறிகிறார்? (வாசகர், சேலம்)

பதில்: வாழ்ந்த வாழ்க்கையைக் கொண்டு. காட்ஃபேல் இளமையிலேயே மடத்துக்குள் அடைபட்டவர் அல்லர். வேல்ஸில் பிறந்து, முதல் சிலுவைப் போரில் வாளேந்தி, பின்னர் கடலோடியாகத் திரிந்து, நாற்பது வயதை ஒட்டியே பெனடிக்ட் சபைத் துறவியானவர். காயத்தைப் பார்த்தால் ஆயுதம் எதுவென்று அவருக்குத் தெரியும். காதலும் பொறாமையும் என்னவென்றும் தெரியும். போதாக்குறைக்கு, மடத்தின் மூலிகைத் தோட்டம் அவருடைய பொறுப்பில் இருக்கிறது.

1980இல் வெளியாகி, பிரிட்டனின் குற்றக்கதை எழுத்தாளர் சங்கத்தின் வெள்ளிக் குறுவாள் விருதைப் பெற்ற ‘மங்க்ஸ் ஹுட்’ நாவலில், மூட்டுவலியால் அவதிப்படும் முதிய துறவிகளுக்காக அவரே காய்ச்சிய தைலம், ஒருவருடைய உணவில் கலக்கப்பட்டுக் கொலைக் கருவியாகிறது. அதில் சேர்ந்திருக்கும் செடி, நம் சித்த மருத்துவர்கள் சுத்தி செய்யாமல் தொடாத வச்சநாவியின் நெருங்கிய உறவு. தன் கைமருந்தே நஞ்சான குற்ற உணர்வு ஒருபுறம் இருக்க, இறந்தவரின் மனைவியோ, சிலுவைப் போருக்குப் புறப்படும் முன்பு காட்ஃபேல் மணம் பேசி வைத்திருந்த பெண். இவ்வளவுக்கும் பிறகு கொலையாளியைக் கண்டுபிடித்தவர், அவனைத் தூக்குமரத்துக்கு அனுப்பாமல், உயிருள்ளவரை நன்மை செய்து கழுவாய் தேடும்படி விட்டுவிடுகிறார். அவன் யாரென்று சொல்லி உங்கள் வாசிப்பைக் கெடுக்க மாட்டேன். அந்த முடிவை ஏற்காத வாசகர்கள் உண்டு. எனக்கு அது இன்றும் உறுத்துகிறது, ஆனால் மறக்கவில்லை.

மருந்துகளைப் பற்றிய இந்த நுணுக்கம் நூலகத்தில் மட்டும் திரட்டியதன்று. எல்லிஸ் பீட்டர்ஸ் என்பது புனைபெயர்; ஷ்ராப்ஷயரில் 1913இல் பிறந்த ஈடித் பார்ஜெட்டர் என்ற அந்த அம்மையார், அம்மாவட்டத்தின் டாவ்லி ஊரில் மருந்துக்கடை உதவியாளராகச் சில ஆண்டுகள் வேலை பார்த்தவர்.

கேள்வி: இவற்றில் வரலாறு எவ்வளவு, கற்பனை எவ்வளவு? (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: 1083இல் ரோஜர் டி மான்ட்கோமரி நிறுவிய ஷ்ரூஸ்பரி மடம் உண்மை, அதன் கோயில் இன்றும் வழிபாட்டில் உள்ளது. அங்கே இருந்த ராபர்ட் என்ற துறவி, வேல்ஸின் க்விதெரின் ஊரிலிருந்து புனித வினிஃப்ரெடின் எலும்புகளைக் கொண்டுவந்ததும், அவருடைய வரலாற்றை எழுதியதும் உண்மை. 1977இல் வந்த முதல் நாவல் அந்தப் பயணத்தையே எடுத்துக்கொண்டு, பேழைக்குள் உண்மையில் இருந்தது என்ன என்று குறும்பாகக் கேட்கிறது. காட்ஃபேல் முழுக் கற்பனை. குறையும் சொல்ல வேண்டும்: அவருடைய பெருந்தன்மை சில இடங்களில் இருபதாம் நூற்றாண்டு மனிதருடையதாகவே ஒலிக்கிறது. மேலும், ஏறக்குறைய ஒவ்வொரு நாவலிலும் களங்கமற்ற இளங்காதலர் இருவர் வந்து, இறுதியில் சேர்ந்தும்விடுகிறார்கள். ஐந்தாறு நூல்களைத் தொடர்ந்து படித்தால் சலிப்புத் தட்டும். இடைவெளி விட்டுப் படியுங்கள்.

கேள்வி: எந்த வரிசையில் படிக்கலாம்? தொலைக்காட்சித் தொடரைப் பார்த்தால் போதாதா? (வாசகி, கோவை)

பதில்: 1994 முதல் 1998 வரை டெரக் ஜாகோபி நடித்து வந்த 13 பகுதிகள் நன்றாகவே இருக்கின்றன, ஆனால் நாவல்கள் இருபது. முதல் நாவல் கொஞ்சம் நிதானமாக நகரும் என்பதால், அந்த 95 சடலங்களிலிருந்து தொடங்குவதில் தவறில்லை. ‘தி வர்ஜின் இன் தி ஐஸ்’ என்ற ஆறாவது நாவலை மட்டும், 1994இல் வெளிவந்த கடைசி நாவலுக்கு முன்பு கட்டாயம் படித்துவிடுங்கள். ஆறாவதில் காட்ஃபேலுக்குத் தெரியவரும் ஓர் உறவுக்காகத்தான், இருபதாவதில் அவர் மடத்துக்கு அளித்த வாக்கையே மீறி வெளியேறுகிறார்.